"ஊருக்குப் போகக் காசில்லை அண்ணா": புதுச்சேரித் தெருவில் பணம் கேட்பவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோரிமேட்டில், ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் பக்கத்தில் 16 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை யாராவது ஒருவர் வந்து, கொஞ்சம் தள்ளிப் பணம் கேட்டு நிற்கும் ஆளைக் கண்ணால் காட்டி, "இவரு சொல்றது நெஜமாண்ணா, குடுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்தவர்கள், புதிதாகச் சேர்ந்த நர்சிங் மாணவிகள், சனி ஞாயிறுக்குச் சென்னையிலிருந்து கடற்கரை பார்க்க வந்தவர்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய இதே சந்தேகம்தான். ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தத்தில் பாதி பதில் சொல்லி அனுப்புவதைவிட முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கடலூரில் என் அக்கா வீடு இருப்பதால் அங்கே பார்த்ததும் இதில் கொஞ்சம் வரும்.

பொய் சொல்லிப் பணம் கேட்பவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. முகம், சட்டை, பேச்சு, கண்ணீர் எதையும் நம்பி முடிவு எடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் தப்பாகப் போகும். நன்றாக அழத் தெரிந்தவன் பொய் சொல்லலாம். நிஜமாகவே பர்ஸைத் தொலைத்தவர் வெட்கத்தில் உங்கள் முகத்தைப் பார்க்காமல், வார்த்தை தடுமாறி, பார்க்கிறவர்களுக்குத் திருடன் மாதிரி தெரியலாம். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியது கதை எப்படிப் போகிறது என்பதைத்தான். பொய்க் கதையில் அவசரம் இருக்கும், "இப்பவே பஸ் கெளம்புது", "உள்ள ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்காங்க" என்று. நீங்கள் யோசிக்கும் நேரத்தை அந்த அவசரம் தின்றுவிடும். அப்புறம், கேட்கிற தொகை விசித்திரமாகக் கச்சிதமாக இருக்கும்: 170 ரூபாய், 340 ரூபாய். வட்டத் தொகை கேட்டால் பிச்சை மாதிரி இருக்கும், இப்படிக் கேட்டால் கணக்குப் போட்டுக் கேட்கிறார் என்று நமக்குத் தோன்றும். மூன்றாவதுதான் எனக்குத் தெரிந்து எப்போதும் பொய்க்காத அடையாளம். பணத்தைத் தவிர வேறு எந்த வழியில் உதவி செய்கிறேன் என்று சொன்னாலும் ஒரு காரணம் வரும். சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்றால் பசியில்லை, டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றால் இன்னும் ஒருத்தர் வரணும், வீட்டுக்குப் போன் போட்டுத் தருகிறேன் என்றால் நம்பர் ஞாபகமில்லை. ஒரு காரணம் நிஜமாக இருக்கலாம். மூன்று காரணம் அடுத்தடுத்து வந்தால் நீங்கள் நகர்ந்துவிடலாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பர்ஸ் தொலைந்துவிட்டது, ஊருக்குப் போகப் பணம் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

இந்த ஊரில் அதிகம் ஓடுகிற கதை இதுதான், புதிய பேருந்து நிலையத்திலும் சரி, ரயில் நிலையத்திலும் சரி, கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலும் சரி. ஏன் இது ஓடுகிறது என்றால், இது யாருக்கும் நடக்கக்கூடியது. கூட்டமான பஸ்ஸில் ஒரு தடவையாவது பாக்கெட்டைத் தடவிப் பார்த்துப் பதறாதவர் யார்?

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். "வாங்க, பஸ்ல ஏத்தி விடறேன்" என்று சொல்லி எழுந்து நடங்கள். நிஜமாகப் போக வேண்டியவர் உங்கள் பின்னால் வருவார், பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் நடப்பார். விழுப்புரம் பஸ் என்றால் விழுப்புரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், கண்டக்டரிடம் நேராகக் காசைக் கொடுத்து, "இவருக்கு ஒரு விழுப்புரம், சீட்டை அவர்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் நகரும் வரை கீழே நில்லுங்கள். அஞ்சு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். கண்டக்டர்களுக்கு இந்த ஆட்களைத் தெரியும், சில நேரம் அவரே உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியும்.

தூர ஊர் சொன்னால், திருநெல்வேலி, நாகர்கோவில் என்று, பாதித் தூரம் வரைக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் அது உதவிதான். முழுத் தொகையும் உங்கள் தலையில்தான் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்கு உங்கள் போனிலிருந்து நீங்களே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் பேச விட்டால் இன்னும் நல்லது, பாதி நேரம் அங்கிருந்தே யாராவது பணம் அனுப்ப ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

ஒரு சின்ன விவரம் கடலூர் பக்கத்துக்கு: தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே மஞ்சக்குப்பம் போக முடியாமல் தவிக்கிறேன் என்று ஒரு அம்மா கேட்டால், பணம் தேடுவதைவிட அந்த பஸ்ஸைக் காட்டிவிடுங்கள், உண்மையிலேயே தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. புதுச்சேரிக்குள் ஓடுவது பெரும்பாலும் தனியார் பஸ், இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, மருந்து வாங்க வேண்டும், ஆபரேஷன் என்று கேட்டால்?

இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் சரியாக இருக்காது.

சில வருடத்துக்கு முன் ஒரு நடுவயது ஆள் கடைக்கு வந்து ஒரு ஓபி சீட்டைக் கொடுத்தார். கலர் ஜெராக்ஸ் நாலு காப்பி, நாலையும் லேமினேட் செய்து தர வேண்டும் என்றார். அந்த நேரத்தில் வரிசையில் ஏழெட்டுப் பேர். நான் சீட்டை வாங்கி மெஷினில் வைத்து, அடித்து, லேமினேஷன் உருளையில் விட்டு, ஓரம் வெட்டி, காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். சீட்டில் ஒரு பெண் பெயர், வயது 34 என்று இருந்தது நினைவிருக்கிறது, மை கொஞ்சம் கலங்கியிருந்தது. மூன்று வாரம் கழித்துக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் என் பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் லேமினேட் செய்த சீட்டை நீட்டினாள். அதே கலங்கிய மை, வலது ஓரத்தில் நான் கோணலாக வெட்டிய வெட்டு. "புருஷனுக்கு ஆபரேஷன் அண்ணா" என்றாள், சீட்டில் இருந்தது பெண் பெயர். என் கையால் செய்து கொடுத்ததை என்னிடமே நீட்டினார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அந்த நாலு அட்டையை வைத்து எத்தனை பேரிடம் வாங்கியிருப்பார்கள் என்று.

அன்றிலிருந்து மருத்துவச் சீட்டை யாரும் லேமினேட் செய்யக் கேட்டால் நான் செய்வதில்லை. நீங்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: சிகிச்சையில் இருப்பவரின் சீட்டு லேமினேட் ஆகாது. ஏனென்றால் ஒவ்வொரு தடவை போகும்போதும் டாக்டர் அதில் எழுத வேண்டும். நிஜச் சீட்டு நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் எக்ஸ்ரே கவரோடு இருக்கும். அதில் தேதி பாருங்கள். பெயர் பாருங்கள், நோயாளி யார், கேட்பவர் யார், உறவு என்ன என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை, நிஜமாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் இதையெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார், கோபப்பட மாட்டார்.

இன்னொரு விஷயம். ஜிப்மர் மத்திய அரசு மருத்துவமனை. ஏழை நோயாளியிடம் ஆபரேஷனுக்கு லட்சக் கணக்கில் கட்டச் சொல்கிற இடம் கிடையாது. உள்ளே மருத்துவ சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள், பணமில்லாதவர்களுக்கு எந்தத் திட்டத்தில் எது கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு, 70 வயது தாண்டியவர்களுக்கு 2024-லிருந்து வருமானக் கணக்கும் பார்ப்பதில்லை. ஆகவே யாராவது "ஆபரேஷனுக்கு ரெண்டு லட்சம் கட்டச் சொல்லிட்டாங்க" என்றால், "வாங்க, உள்ள போய்க் கேப்போம்" என்று கூப்பிடுங்கள். மடக்குவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கூட்டிக்கொண்டு போங்கள். பாதிப் பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

ஆனால் இங்கே வருகிறவர்களை நிஜமாக உடைப்பது வேறு செலவு. விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என்று வருகிறார்கள், பஸ் காசு, கூட இருப்பவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இரவு தங்க இடம், வெளியில் வாங்கச் சொன்ன ஒன்றிரண்டு மருந்து, நாலு நாள் கூலி போனது. ஒருவர் "ரெண்டு இட்லி வாங்கித் தரீங்களா" என்று கேட்டால் நான் சீட்டெல்லாம் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்காதீர்கள்.

மருந்துக்கடை வாசலில் குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கித் தரச் சொல்கிறார்கள். பணம் கேட்கவில்லையே, வாங்கித் தரலாம்தானே?

வாங்கித் தரலாம், டின்னின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற சீலைக் கடையிலேயே கிழித்துவிட்டுக் கொடுங்கள். டின் விலை நூற்றுக்கணக்கில். நீங்கள் தெருமுனை திரும்பியதும் சீல் உடையாத டின்னை அவர்கள் எந்தக் கடையிலாவது குறைந்த விலைக்குத் தள்ளிவிட முடியும், சில இடத்தில் கடைக்காரரே இதற்கு உடந்தை. மாத்திரை என்றால் முழு அட்டையாக வாங்காமல் இரண்டு நாளைக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள், வெட்டிய அட்டையைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். சீலைக் கிழிக்கும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். நிஜமாகக் குழந்தைக்கு வேண்டியிருந்தால் அவர் கை தானாக டின்னை வாங்க நீளும்.

"நான் ஜிபே பண்றேன், நீங்க கேஷ் குடுங்க" என்று கேட்கிறார்கள். இதில் என்ன ஆபத்து? பணம் எனக்கு வந்துவிடுகிறதே?

இப்போது இதுதான் வேகமாகப் பரவுகிறது, படித்தவர்களும் ஏமாறுவது இதில்தான். ஏனென்றால் இதில் யாரும் உதவி கேட்கவே இல்லை, ஒரு மாற்றம்தானே என்று தோன்றும். ஆள் நன்றாக உடுத்தியிருப்பார், ஏடிஎம்மில் பணம் வரவில்லை என்பார், ஆட்டோக்காரர் நிற்கிறார் என்பார்.

முதல் வகை: பணம் வரவே வராது. அனுப்பிய மாதிரி பச்சை டிக் போட்ட திரையைக் காட்டுவார்கள், அப்படிக் காட்டுவதற்கென்றே போலி ஆப் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்த மாதிரி ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரும், அதை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து அனுப்பலாம். அவர் போனில் என்ன தெரிகிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் ஆப்பைத் திறந்து உங்கள் கணக்கின் இருப்பைப் பாருங்கள். ஏறியிருந்தால்தான் ஏறியது. "சர்வர் ஸ்லோ, பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றால், சரி, பத்து நிமிஷம் கழித்துக் காசு தருகிறேன், டீ சாப்பிடுங்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது வகை இன்னும் மோசம், ஏனென்றால் பணம் நிஜமாகவே வரும். அந்தப் பணம் வேறு ஊரில் யாரிடமோ ஆன்லைனில் ஏமாற்றிச் சுருட்டியதாக இருக்கலாம். பறிகொடுத்தவர் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் புகார் சொன்னதும், பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று தேடிக்கொண்டு வருவார்கள், வந்து நிற்பது உங்கள் கணக்கில். அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள், சில நேரம் கணக்கையே முடக்கிவிடுவார்கள். எங்கள் வரிசையில் டீக்கடை வைத்திருக்கும் தம்பிக்கு இது நடந்தது. ஒரு ஆள் 2,000 ரூபாய் போட்டுவிட்டுக் கேஷ் வாங்கிக்கொண்டு போனார், அடுத்த மாதம் கணக்கு முடங்கியது, பால்காரருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. வேறு மாநிலத்தில் பதிவான புகார், யாரிடம் பேசுவது என்றே தெரியாமல் வாரக்கணக்கில் அலைந்தான். தெரியாதவருக்குக் கேஷ் மாற்றிக் கொடுக்க வேண்டாம் என்று இப்போது கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு இருக்கிறான்.

தவறுதலாக உங்கள் நம்பருக்குப் பணம் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறார்கள்?

முதலில் இருப்பைப் பாருங்கள். வரவில்லை என்றால் பேச்சே இல்லை. வந்திருந்தாலும் அவர் சொல்கிற புது நம்பருக்கோ, காட்டுகிற கியூஆருக்கோ அனுப்பாதீர்கள், அவருடைய வங்கியில் சொல்லி அதே வழியில் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் அடிக்கத் தேவையே கிடையாது. பின் கேட்கிறது என்றால் உங்கள் பணம் வெளியே போகிறது.

போனை ஒரு நிமிடம் கேட்டால் கொடுக்கலாமா?

கையில் கொடுக்காதீர்கள். நம்பரைச் சொல்லச் சொல்லி நீங்களே போடுங்கள், ஸ்பீக்கரில் பேசட்டும். ஸ்டார், ஹேஷ் என்று ஆரம்பிக்கிற நம்பர் சொன்னால் போடாதீர்கள், அது அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வேலையாக இருக்கலாம்.

ரசீது புத்தகம், உண்டியல், அட்டை வைத்துக்கொண்டு வருபவர்கள்?

பஸ்ஸில் மடியில் ஒரு அட்டையை வைத்துவிட்டுப் போவார்கள், "நான் வாய் பேச இயலாதவன்" என்று அச்சடித்திருக்கும், திரும்பி வரும்போது அட்டையையும் காசையும் எடுத்துக்கொள்வார்கள். ஒயிட் டவுனில் வெளியூர்க்காரர்களிடம் ஒரு பெரிய தாளைக் காட்டுவார்கள், அதில் ஏற்கனவே பத்துப் பேர் பெயர், எதிரில் 500, 1,000 என்று தொகை. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்று உற்றுப் பார்த்தால் தெரியும். முன்னால் 500 எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு 50 கொடுக்கக் கூச்சமாக இருக்கும் என்பதற்காகவே அந்தத் தாள்.

நிஜ அமைப்பு என்றால் பதிவு எண்ணோடு ரசீது இருக்கும், அலுவலகம் இருக்கும், வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கும், தனி ஆளின் ஜிபே நம்பராக இருக்காது. "முகவரி கொடுங்க, நேரில் வந்து கட்டுறேன்" என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள். வருமான வரியில் 80ஜி விலக்கு வரும் என்று சொல்லி ரொக்கமாக 5,000 கேட்டால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்த விலக்கே கிடையாது என்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

புயலுக்குப் பிறகு இது அதிகமாகும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து இந்த ஊரையே முழுக வைத்தது. இரண்டு தடவையும் நிஜமாகவே அரிசி, பருப்பு, பாய், போர்வை என்று சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், என் கடையிலேயே அட்டைப்பெட்டி வைத்துச் சேர்த்தோம். அதே வாரத்தில் எந்தத் தெருவுக்கு, எந்தக் குப்பத்துக்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். எந்த இடத்துக்கு, எப்போது கொண்டு போகிறீர்கள், நானும் வரலாமா என்று கேளுங்கள்.

மஞ்சள் துணி கட்டிக்கொண்டு மடிப்பிச்சை கேட்பதும் ஏமாற்றா?

இல்லை. திருப்பதிக்கோ சமயபுரத்துக்கோ நேர்ந்துகொண்டவர்கள், சொந்தக் காசு இருந்தாலும் பத்து வீட்டில் கையேந்தி அதில்தான் வேண்டுதலை முடிக்க வேண்டும் என்று வருவார்கள், முந்தானையை ஏந்துவார்கள். ஒரு ரூபாய் போட்டாலும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், தொகை சொல்ல மாட்டார்கள். தொகை சொல்லி வாசலை விட்டு நகராமல் நிற்பவர் வேண்டுதலுக்கு வந்தவர் கிடையாது. வைத்திக்குப்பம் மாசி மகத்திலும் வீராம்பட்டினம் ஆடித் தேரிலும் இரண்டு வகையும் கலந்தே வரும்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டால் மனசு கேட்கவில்லை. என்ன செய்வது?

மனசு கேட்காதுதான். கேட்கக் கூடாது. ஆனால் பணம் கொடுத்தால் அந்தக் குழந்தை நாளைக்கும் அதே வெயிலில் அதே சிக்னலில் இருக்கும், ஏனென்றால் குழந்தை இருந்தால்தான் காசு விழுகிறது. உச்சி வெயிலில், அவ்வளவு ஹாரன் சத்தத்தில், ஒரு குழந்தை மணிக்கணக்காகத் தலை தொங்கித் தூங்கிக்கொண்டே இருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். 1098-க்கு அழையுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு பிடிக்காது. இடம், நேரம், குழந்தைக்கு என்ன வயது இருக்கும், கூட இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று சொன்னால் போதும், உங்கள் கண்ணெதிரே சண்டை போடத் தேவையில்லை. குழந்தையைப் பிச்சை எடுக்க வைப்பதற்கு 2015-ஆம் வருட சிறார் நீதிச் சட்டத்தில் 5 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். குழந்தையின் உறுப்பைச் சிதைத்திருந்தால் 7 வருடத்துக்குக் குறையாத தண்டனை.

குழந்தை பசியில் இருக்கிறது என்று தோன்றினால் வாழைப்பழமும் பாலும் வாங்கிக் கொடுத்து, அது சாப்பிடும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லி வைப்பது?

மற்றதெல்லாம் நூறு, ஐந்நூறோடு போகும், இது தாலியோடு போகும். கோயிலுக்கோ காய்கறி வாங்கவோ தனியாக நடக்கிற பாட்டியை இரண்டு பேர் நிறுத்துவார்கள். "ம்மா, நாங்க போலீஸ், அடுத்த தெருவுல கழுத்தறுத்து நகை பறிச்சுட்டாங்க, நீங்க இப்படிப் போட்டுக்கிட்டுப் போகலாமா, கழட்டிக் குடுங்க, மடிச்சுத் தரோம்" என்று அக்கறையாகத் திட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொரு ஆள் (அவர்கள் கூட்டாளிதான்) தன் செயினைக் கழற்றிக் கொடுத்துப் பொட்டலமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடும். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே கூழாங்கல்.

பாட்டியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பழக்குங்கள்: "எந்தப் போலீஸும் தெருவில் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார்." சட்டை மேலே அசிங்கம் பட்டிருக்கு, கீழே பத்து ரூபாய் நோட்டு கிடக்கு, வண்டியில் ஆயில் ஒழுகுது என்று யாராவது சொன்னால், கையில் இருக்கும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்புறம் குனியட்டும். வங்கியிலிருந்து பென்ஷன் எடுத்து வரும் நாளில் முக்கியமாக. வீட்டில் வந்து நகை பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பவர்களுக்குக் கேட்டைத் திறக்கவே வேண்டாம். ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

இந்தி பேசும் குடும்பம் மூட்டை முடிச்சோடு நின்று, வேலைக்கு வந்தோம், ஏமாற்றிவிட்டார்கள் என்கிறது?

நிஜமாகவும் நடக்கிறது. கூட்டிவந்த மேஸ்திரி கூலி தராமல் ஓடிவிட்ட கதை கட்டட வேலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மொழியை வைத்து யாரையும் திருடன் என்று முடிவு செய்யாதீர்கள். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், ரயில் டிக்கெட் என்றால் நிலையத்துக்கே போய்க் கவுன்டரில் எடுத்துக் கொடுங்கள். ஒரே குடும்பம் மறு வாரமும் அதே மூட்டையோடு அதே மூலையில் நின்றால் அப்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், சாபம் விடுகிறார்கள்.

நிற்காமல் நடந்துகொண்டே, கண்ணைப் பார்த்து, "இல்லைங்க" என்று ஒரே வார்த்தை. காரணம் சொல்லாதீர்கள், சில்லறை இல்லை என்றால் நோட்டுக்குச் சில்லறை மாற்றிக் கொடுப்பார்கள், அவசரம் என்றால் கூடவே நடந்து வருவார்கள். பர்ஸை அவர்கள் எதிரில் திறக்கவே வேண்டாம், கொடுக்க நினைப்பதைச் சட்டைப் பையில் தனியாக வைத்திருங்கள். கையைப் பிடித்தால் குரலை உயர்த்தி, "கையை விடுங்க" என்று பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அந்தக் கடைக்குள்ளேயே போய்விடுங்கள். நாங்கள் யாரும் உங்களை வெளியே போகச் சொல்ல மாட்டோம்.

சாபத்தைப் பற்றி: பசித்தவர் வயிறு எரிந்து சொன்னால் நானும் பயப்படுவேன். பத்து ரூபாய் தரவில்லை என்று "உன் புள்ள வெளங்காது" என்பவரின் சாபம் பலிக்காது.

கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வெளிப்படையாகக் கையேந்தி நிற்பவர் யாரையும் ஏமாற்றவில்லை, இல்லாமை என்று சொல்லித்தான் கேட்கிறார். பிச்சையைத் தடை செய்யச் சொல்லி வந்த வழக்கில், வேறு வழியில்லாமல்தான் இதற்கு வருகிறார்கள் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே தடை விதிக்க மறுத்தது. கோயில் வாசல் பாட்டியையும் லேமினேட் அட்டை ஆளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டேன். சின்னத் தொகைதான், புகார் கொடுக்க வேண்டுமா? எங்கே?

கொடுங்கள். உங்களிடம் 300 போயிருக்கும், அதே ஆள் அன்று இன்னும் இருபது பேரிடம் வாங்கியிருப்பார், ஒருவரும் புகார் கொடுக்காததால்தான் மறுநாளும் அங்கேயே நிற்கிறார். ஏமாற்றுக்கான பழைய 420, இப்போது புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் முதலில் 1930, காவல் நிலையம் அப்புறம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆள் கண்ணெதிரே இருக்கிறார், மிரட்டுகிறார் என்றால் அவசர உதவி எண் 112.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் சுமார் 22 கிலோமீட்டர்தான், எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் போலீஸே வேறு. அங்கே ஏமாந்தால் அங்கே போங்கள், இங்கே நடந்தால் இங்கே வாருங்கள் என்று அலைய விடுவார்கள் என்று பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்றே இருக்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு சந்தேகப்பட்டு, நிஜமாக உதவி தேவைப்பட்டவரைத் துரத்திவிட்டால்?

துரத்தியிருக்கிறேன். அந்த லேமினேட் அட்டையைப் பார்த்த அடுத்த வாரம். ஒரு பெரியவர், எழுபது இருக்கும், கடை வாசலில் நின்று, "தம்பி, திண்டிவனம் போகணும், காசு குறையுது" என்றார். நான் நிமிர்ந்தே பார்க்காமல், "போங்க பெரியவரே, தெனமும் இதே கதை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் மொரட்டாண்டி டோல்கேட் தாண்டி ஒரு வேலையாக வண்டியில் போனபோது, சாலை ஓரத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், இன்னொரு கையில் எக்ஸ்ரே கவர், வெயிலுக்காகப் பாதி நேரம் தலையில் பிடித்திருப்பார் போல, மடங்கியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணி இருக்கா என்று மட்டும் கேட்டார். பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை அவராகவே எடுத்துக் காட்டப் போனார், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் காசு கொடுத்து, மிச்சம் ஐம்பதை அவர் பையில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கடையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாகச் சில்லறை போட்டு வைக்க ஆரம்பித்தேன், பஸ்ஸுக்கு மட்டும். யார் கேட்டாலும் பையனைக் கூட அனுப்புவேன், அவன் நிறுத்தம் வரை போய் ஏற்றிவிட்டு வருவான். பெரியவர் மறு செக்கப்புக்கு வந்தபோது கடையைத் தேடி வந்து அந்த ஐம்பது ரூபாயை நீட்டினார். வேண்டாம் என்றேன், அவர் முகம் சுருங்கியது. வாங்கிப் பாட்டிலில் போட்டேன், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.